வலக்கையின் யாத்திரை

கிற்றார் வாசிப்பவனுக்குக் கைகள் இரண்டு இருந்தாலும், சபையோரின் கண்கள் அவனுடைய இடக்கையை விட்டு அகலுவதில்லை. அந்தக் கையின் விரல்கள் கழுத்துப் பலகையின் மீது மேலும் கீழும் ஓடி, ஒரு தந்தியை வளைத்து அழவைத்து, உச்ச ஸ்தாயியில் ஏதோ ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேளையிலேதான் விளக்குக்காரர் வெளிச்சத்தைத் திருப்புவார். புகைப்படம் எடுப்பவரும் அப்பொழுதே ஓடிவருவார். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து மட்டக்களப்பிலே ‘லீட்’ வாசிப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் இருந்தது. ஆயினும், கோவில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்துக்கொண்டிருந்த என்னை லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று மேடை மேடையாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த இடக்கையன்று என்பதை அவ்வூர்களுக்குப் போன பிற்பாடே தெளிவாகக் கண்டேன். ஆகவே இங்கே எழுதப்போவது, பெரும்பாலும், என் வலக்கையைப் பற்றியதாகும்.

எங்கள் தலைமுறை இளைஞருக்கு லீட் வாசிப்பின்மேல் உண்டான மோகத்துக்கு மூலகாரணம் வானொலி. 1960 ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘அப்பாச்சி’ என்னும் பாட்டில்லாத இசைத்தட்டு, ஷடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினை இலங்கையின் கிற்றார்காரர்களுக்கெல்லாம் மானசீக குருவாக்கிவிட்டது. அவருக்குப் பின்னாலே சந்தானாவும் ஹென்றிக்ஸும் வந்தார்கள். ஒரு பாட்டு மறுபடி எந்த நாளில் ஒலிபரப்பாகும் என்று அறிய வழியில்லாத காலமாதலால், ஒரு முறை கேட்டதை வாயாலே முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளில் வீட்டுக்கு ஓடி, மறந்துபோகுமுன் கிற்றாரிலே தேடிப் பிடிப்பது எங்கள் அப்பியாசமாக இருந்தது. 1970 முதல் 1977 வரையில் இறக்குமதிக் கட்டுப்பாடு நாட்டை இறுக்கியிருந்தபடியால் கடைகளிலே தந்தி கிடையாது. சைக்கிளின் பிறேக் கம்பியைப் பிரித்து எடுத்த இழைகளை முதல் இரண்டு தந்திகளுக்குப் பதிலாகக் கட்டுவோம். கனத்த தந்திகள் மழுங்கினால் கொதிநீரில் அவித்து, அழுக்கைப் போக்கி, மறுபடி பூட்டுவோம். அவித்த தந்தி ஓரிரு நாட்கள் பிரகாசமாகப் பேசிவிட்டுப் பின் முன்னிலும் மோசமாகிவிடும். இத்தகைய பஞ்சத்திலும் நாங்கள் லீட் வாசிப்பையே தியானித்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்க இன்று சிரிப்பு வருகிறது.

அந்தக் காலத்திலே எங்கள் கிற்றார்களைப் பழுதுபார்த்துத் தந்தவர் எங்கள் நகரத்து டச்பாரிலே இருந்த ஒரு பறங்கித் தச்சர். போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவிலே கட்டிய கோட்டையைப் பத்தாண்டுக்குள் ஒல்லாந்தர் கைப்பற்றிக்கொண்டதும், ஒல்லாந்தரை ஆங்கிலேயர் அகற்றியதும் சரித்திரம் படித்த சகலரும் அறிந்த செய்தி. அரசுகள் இவ்வாறு மாறி மாறி வந்து போனபோதும், போர்த்துக்கேய வழிவந்த ஒரு சிறு சமூகம் தன் பாஷையையும் வேதத்தையும் கலியாண வீட்டு ஆட்டத்தையும் விடாது வைத்துக்கொண்டு, தச்சு, கொல்லு, தையல், யந்திர வேலை முதலிய கைத்தொழில்களால் ஜீவித்து எங்களோடு எங்களாகக் கலந்து வாழ்ந்தது. அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து கபிரிஞ்ஞா என்னும் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது, கிழவர் கிழவியர் முதற்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிடுவார்கள். தச்சர் எனக்குப் பாடம் என்று எதையும் சொல்லித் தந்தவரல்லர். கலியாண வீட்டிலே தமக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை இருத்தி, நான் இடக்கையால் ஏதாவது அலங்காரம் செய்யத் தொடங்கும் தோறும், “மனே, ஆடுறவன்ட காலப் பாரு, உன்ட விரலப் பாக்காத” என்பார். அவ்வளவே போதனை.

அந்த ஆட்டத்தின் தாளத்தை எழுத்திலே விளக்குவது எளிதன்று, ஆனாலும் முயல்கிறேன். ஆறு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தத்தை மும்மூன்றாக இரண்டு கூறாக்கிக் கால் மிதிக்கிறது. அதே ஆறு அட்சரத்தை இரண்டிரண்டாக மூன்று கூறாக்கிக் கை தட்டுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. கிற்றார்காரனுடைய வலக்கை இவ்விரண்டு கணக்கையும் தனக்குள்ளே வைத்துக்கொண்டு, கீழ்வீச்சிலே காலுக்கும் மேல்வீச்சிலே கைக்கும் பதில் சொல்லவேண்டும். மேல்வீச்சு இம்மியளவு முந்தி விழுந்தால் ஆட்டம் பறக்கும். இம்மியளவு பிந்தினால் சபை உட்கார்ந்துவிடும். இடக்கை தந்தியை முழுவதும் அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் இருந்து ஒலியை வெட்டிக் கொடுத்தால் மாத்திரமே அந்தப் பின்னல் கேட்கும். எங்கள் பக்கத்தாருக்கு இக்கணக்கு புதிதுமன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை வட்டக்களரியைச் சூழ்ந்து விடிய விடியப் பார்த்து வளர்ந்த எவனுக்கும், அண்ணாவியாரின் மத்தளம் மூன்றையும் இரண்டையும் பின்னுவது காதிலே ஊறிய சங்கதிதான். பறங்கித் தச்சரின் கிற்றாரும் அண்ணாவியாரின் மத்தளமும் என் வலக்கையிலே வந்து சந்தித்தன என்று சொன்னால் அது அலங்காரத்துக்காகச் சொன்னதாகாது.

டச்பார்க் குடியிருப்பின் பெரும்பகுதியை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் கொண்டுபோயிற்று. முன்னமே பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தன. எஞ்சியோர் நகரத்தைச் சுற்றிப் பல இடங்களிலே இருக்கிறார்கள். கலியாணங்களிலே ஆட்டமும் இருக்கிறது.

கபிரிஞ்ஞா கொழும்புக்கும் மொறட்டுவைக்கும் போய்ப் பைலா என்னும் பாட்டு வகை ஆனதும், பொலிஸ்காரராயிருந்த வாலி பஸ்தியன் அதற்குச் சிங்களச் சொற்களைப் பூட்டிப் பிரபலமாக்கியதும், அதே தாளம் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்களுக்குள் புகுந்ததும் நம்மவர் அறிந்த வரலாறு. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் இலங்கை வானொலி அப்பாடல்களை ஒலிபரப்பியபோது சங்கீத வித்வான்கள் முகம் சுளித்தார்கள்; லீட் வாசிப்பவர்களான நாங்களும் இவற்றிலே வித்தை ஏது என்று அலட்சியமாகவே எண்ணினோம். ‘சின்ன மாமியே’யும் ‘சுராங்கனி’யும் கடல் கடந்து போன தமிழருடைய பெட்டிகளுக்குள் ஒலிநாடாவாகச் சென்று, அரை நூற்றாண்டு கழித்து எங்களை அங்கே அழைக்கப்போகின்றன என்பதை அந்நாளில் யார் நினைத்தார்!

வெளிநாட்டுக் கச்சேரிப் பிரயாணம் என்றால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைப் போல லொறிகளும் தனி விமானமுமாகப் போவதாக ஊரிலே சிலர் கற்பனை செய்கிறார்கள். எங்கள் பிரயாணத்தின் யதார்த்தம் வேறு. ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ அழைக்கும். விமானச் சீட்டுச் செலவைக் குறைப்பதற்காகப் பாடகர் ஒருவரையும் கிற்றார்காரர் ஒருவரையும் மாத்திரம் இங்கிருந்து எடுப்பார்கள். கீபோட் வாசிப்பவர் பாரிஸிலிருந்தும், பேஸ் வாசிப்பவர் ஜேர்மனியிலிருந்தும், ட்ரம்ஸ் வாசிப்பவர் அந்தந்த நகரத்திலிருந்தும் வந்து சேருவார்கள். ஒத்திகை என்பது கச்சேரி நாளன்று பிற்பகலிலே, நாற்காலிகள் அடுக்கப்படும் சத்தத்துக்கு நடுவே நடக்கும். விருந்தளிப்பவர் வீட்டிலே படுக்கை. மூன்று வேளையும் இடியப்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஹோட்டலிலே தனித்துக் கிடப்பதைவிட இது எனக்கு உவப்பானது.

ஆனால் அந்த ஒத்திகையிலே தவறாது ஒரு சிக்கல் முளைக்கும். ட்ரம்ஸ் வாசிக்க வருபவன் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை, முறைப்படி கற்றவன், றொக், ஜாஸ், சினிமாப் பாட்டு எதைக் கொடுத்தாலும் தாளைப் பார்த்தவுடன் வாசிக்க வல்லவன். பைலாவுக்கு ஆறு–எட்டு என்று தாளிலே எழுதியிருப்பதைக் கண்டதும் அவன் அதை மெதுவான காதற்பாட்டைப் போல அசைத்து வாசிப்பான், அல்லது வால்ஸ் ஆட்டத்தைப் போல ஒன்று–இரண்டு–மூன்று என்று எண்ணுவான். அட்சரம் ஒன்றேனும் பிசகியிருக்காது. ஆனால் ஒருவரும் ஆடமாட்டார்கள். “அங்கிள், நான் சரியாத்தானே வாசிக்கிறன்?” என்று அவன் கேட்பதில் நியாயம் உண்டு. அப்பொழுது நான் பாட்டை நிறுத்தி, மற்றவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, கிற்றாரின் தந்திகளை இடக்கையாலே மூடி, ஒலியற்ற வெறும் வீச்சை மாத்திரம் வலக்கையாலே வாசித்துக் காட்டுவேன். அவன் தடிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொடையிலே தட்டுவான். சிலருக்கு இது கால்மணி நேரத்தில் பிடிபடும். பிடிபடாதவரோடு கச்சேரி முழுவதும் அவருக்கு முன்னே நின்று என் வலத்தோளை அசைத்துக் காட்டியபடியே வாசித்து முடித்திருக்கிறேன். என்னை அழைப்பவர்கள் எதற்காக அழைக்கிறார்கள் என்பதை நான் ஊகித்தறிந்தது இத்தகைய பிற்பகல்களிலேதான். ஹாங்க் மார்வினைப் போல, அல்லது சந்தானாவைப் போல வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அந்நகரங்களிலே ஏராளம். என்னைவிடச் சுத்தமாகவும் வேகமாகவும் வாசிக்கிறார்கள். டச்பார் முற்றத்தின் மேல்வீச்சு அவர்களிடம் இல்லை.

லீட் வாசிப்பின் மகிமையைச் சோதிக்கவும் சந்தர்ப்பம் வாய்த்தது. நிகழ்ச்சியின் நடுவே நீண்டதொரு தனி ஆவர்த்தனத்தைப் புகுத்திப் பார்த்தேன். முதல் ஒரு நிமிஷம் கைத்தட்டல். அதன்பின் சபையின் பின்வரிசைகள் மண்டபத்து வாசலிலே இருந்த கொத்துரொட்டிக் கடையை நோக்கி மெல்ல நகரத் தொடங்கின. அதையே இரண்டு மூன்று நகரங்களிலே கண்டபின், தனி ஆவர்த்தனத்தின் நீளத்தை ஏற்பாட்டாளர் சொல்லாமலே நான் குறைத்துக்கொண்டேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மட்டக்களப்பு, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் பூமி. கச்சான் வீசும் மாதங்களின் பகற்பொழுது நீங்கலாக, காற்றிலே ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 75 க்குக் கீழே இறங்குவதில்லை. கிற்றார் செய்பவர்கள் மரத்துக்கு உகந்தது என்று சொல்லும் அளவோ 45 முதல் 50 வரை. ஆகவே இங்கே இருக்கும் கிற்றார் எப்பொழுதும் நீர் குடித்து உப்பியே இருக்கும்; தந்தியிலே உப்புக்காற்றுப் பட்டுத் துரு ஏறும்; வாடைக் காலத்தில் பெட்டிக்குள்ளே பூஞ்சணம் பூக்கும். இந்த மரத்தை மார்கழி மாதத்திலே ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குக் கொண்டுபோனால், வெளியே பனி, உள்ளே சூடாக்கும் யந்திரம். அந்தச் சூட்டிலே ஈரப்பதம் 20 க்கும் இறங்கிவிடும். மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. கழுத்துப் பலகையிலே குறுக்கே பதித்திருக்கும் மெட்டுக் கம்பிகளின் நுனிகள் இருபுறமும் வெளியே துருத்திக்கொண்டு, மேலும் கீழும் ஓடும் கையை அறுக்கும். கழுத்து பின்னோக்கி வளையும். தந்திகள் மெட்டுக்களின் மேல் தாழ்ந்து உரசிக் கறகறவென்று சத்தமிடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அவசரம் மாத்திரம் கூடாது. குளிரிலிருந்து மண்டபத்துக்குள் வந்தவுடனே பெட்டியைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த மெருகெண்ணெய்ப் பூச்சு வெப்பம் பட்டவுடன் வெடித்து, சிலந்திவலைக் கோடுகள் ஓடிவிடும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் வைத்திருந்து, பின் திறந்து, கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கோலை அதற்குரிய சாவியால் கால் சுற்று மாத்திரம் தளர்த்தி, தந்திகளை மீட்டிப் பார்த்து, போதாவிடில் மறுநாள் இன்னொரு கால் சுற்றுத் தளர்த்தவேண்டும். நான் ஒரு சவர்க்காரப் பெட்டியிலே துளையிட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டொன்றை அதற்குள் வைத்து, கிற்றார்ப் பெட்டியின் தலைமாட்டிலே கிடத்துவேன். ஊருக்குத் திரும்பியதும் அதே சவர்க்காரப் பெட்டியிலே ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை வைப்பேன். விமானத்திலே போகும்போது தந்திகளைத் தளர்த்தவேண்டுமா என்பது கிற்றார்காரர் நடுவே முடியாத விவாதம். பத்தாம் இலக்கத் தந்திகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 45 கிலோகிராம் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. பெட்டி நிலத்திலே விழும் கணத்தில் அந்த இழுவையும் சேர்ந்தே தலைப்பகுதியை முறிக்கிறது. ஆதலால் அரைவாசி தளர்த்துவதே என் கட்சி.

மின்சாரத்தின் விஷயம் இதனினும் சுவையானது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. கனடாவிலே 60 முறை. அழுத்தமும் இங்கே 230 வோல்ட், அங்கே 120. அழுத்தத்தை மாற்றச் சிறு கருவி உண்டு. அலைவை அது மாற்றாது. நான் வாசிப்பது ஒற்றைச் சுருள் பிக்கப் பூட்டிய கிற்றார். அத்தகைய பிக்கப், தந்தியின் அசைவை மாத்திரமின்றிச் சுவரிலும் விளக்கிலும் ஓடும் மின்சாரத்தின் அலைவையும் சேர்த்தே வாங்கி, ‘ம்ம்’ என்று ஓயாது ஒலிக்கும். 50 அலைவு என்பது மேல்நாட்டார் ஜீ என்று வழங்கும் சுரத்துக்கு மிக அண்மையானது. ஆகவே சூரிச்சிலோ பாரிஸிலோ ஜீயைச் சுருதியாகக் கொண்ட பாட்டை எடுத்தால், அந்த இரைச்சல் தம்பூராவைப் போலப் பின்னால் நின்று அனுசரணையாக இருக்கும். சபையோர் அதை இரைச்சல் என்றே உணரமாட்டார்கள். கனடாவின் 60 அலைவோ பீ பிளாட்டுக்கும் பீக்கும் நடுவே, எந்தச் சுரத்துக்கும் உரித்தில்லாத இடத்திலே விழுகிறது. அது எந்தப் பாட்டோடும் சண்டைபிடிக்கும். கண்ணைக் கட்டி மேடையில் விட்டாலும் எந்தக் கண்டத்திலே நிற்கிறேன் என்பதை அந்த ஒலியைக் கொண்டே சொல்லிவிடுவேன். கிப்ஸன் கம்பனியிலே இருந்த செத் லவர் என்னும் பொறியியலாளர் 1955 இல், எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்களைப் அருகருகே வைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துத் தந்தியொலி மாத்திரம் கூடும்படி ஒரு பிக்கப்பை அமைத்தார். அது அருமையான உபாயம். லீட் வாசிப்புக்கு உத்தமம். ஆயினும் வெட்டு வெட்டாக விழவேண்டிய பைலா வீச்சை அது கொழகொழக்கச் செய்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே இரைச்சலைச் சகித்துக்கொண்டு ஒற்றைச் சுருளையே வைத்திருக்கிறேன். மேடையிலே சற்று இப்பக்கம் அப்பக்கம் திரும்பி, இரைச்சல் குறைகின்ற கோணத்தைக் கண்டுபிடித்து, அங்கே நிலத்திலே ஒரு துண்டு நாடாவை ஒட்டி, அந்த அடையாளத்திலேயே நின்று வாசிப்பேன். விளக்குகளை மங்கச் செய்யும் கருவியை முழுமையாகத் திறந்துவைக்கும்படி விளக்குக்காரரையும் கேட்டுக்கொள்வேன். அவர் முகம் வாடும்.

சுங்கம், விசா முதலியவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் பிரியமில்லை. கிற்றாரின் தொடர் இலக்கத்தைப் புறப்படும்போதே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பதிந்துகொண்டால் திரும்பி வரும்போது தீர்வை கேட்கமாட்டார்கள்; இது ஒன்றே முக்கியம். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் அழியும் அபாயத்தில் உள்ள மரங்களின் சர்வதேச வர்த்தகப் பட்டியலிலே சேர்த்தபோது, கிற்றார்காரர் நடுவே ஒரு பீதி பரவியது. சொந்த உபயோகத்துக்காக ஒன்றைக் கையிலே கொண்டுபோவதற்குத் தடையில்லை என்றாலும், அதை அதிகாரி அறிந்திருக்கவேண்டுமே! 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்களித்தபின் அந்தக் கவலை நீங்கியது. தென்னிந்திய மலைக்காட்டின் ஈட்டி மரம், அமெரிக்காவிலோ ஜப்பானிலோ கழுத்துப் பலகையாகி, கொழும்புக் கடை வழியாக மட்டக்களப்புக்கு வந்து, மறுபடி ரொறன்ரோவுக்குப் போகிறது. என்னைவிட அதுவே பெரிய யாத்திரிகன்.

இன்னொன்று. அந்த நாடுகளிலே நான் மட்டக்களப்பான் என்று அறிந்தவுடன், படித்தவர்களாயிருந்தால், எங்கள் கிழக்குக் கரையின் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ பற்றிப் பேச்சு எடுப்பார்கள். கிற்றார் நம்முடைய யாழிலிருந்து வந்ததுதானே என்று ஆசையோடு கேட்பார்கள். 1947 இல் அரங்கேறிய அந்தப் பெருநூலின்மேல் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனால் அந்தப் பக்திக்காகப் பொய் சொல்ல இயலாது. யாழ் என்பது ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு கொண்ட கருவி. ஒரே தந்தியை மெட்டுக்களில் அழுத்திப் பல சுரங்களைப் பிறப்பிக்கும் கிற்றார் வீணையின் பக்கத்து உறவு. இப்படிச் சொன்னால் கேட்டவர் மனம் சிறிது வாடுகிறது.

வலக்கைக்காக நான் இவ்வளவு வாதாடுவது வெறும் ஊர்ப்பற்றினால் அன்று. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், ஆறாம் தந்தியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சிய ஐந்தையும் அழுத்தாமலே ஜீ கோர்ட் ஒலிக்கும்படி சுருதி சேர்த்து, வீச்சினாலேயே உலக மைதானங்களை ஆட்டிவைத்தார். ஏசி–டிசி குழுவின் மல்கம் யங், முன்னே துள்ளி ஓடும் தம்பி அங்கஸுக்குப் பின்னால் ஸ்பீக்கருக்கு அருகே நின்று வாழ்நாள் முழுவதும் ரிதம் வாசித்தார். அவர் இல்லாவிடில் தம்பியின் துள்ளல் எதன் மேல் நிற்கும்? பெரிய மேடைக்கும் எங்கள் வாடகை மண்டபத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில் மாத்திரமே. எங்கள் நிகழ்ச்சிகளும் இலங்கையர் விருந்துகளின் வழக்கப்படி பைலாவிலேதான் முடிகின்றன. மண்டபத்தை இத்தனை மணிக்கு ஒப்படைக்கவேண்டும் என்ற கட்டளை இருப்பதால், ஐந்து மணி என்று அச்சடித்து ஏழு மணிக்குத் தொடங்கிய கச்சேரியிலே, ஏற்பாட்டாளர் கடைசியில் பக்கத்திலே வந்து, “அண்ணே, மற்றதெல்லாத்தையும் விடுங்க, பைலாவ அடிங்க” என்று காதிலே சொல்வார். முழங்கால் வலி என்று நாற்காலியை விட்டு எழாதிருந்த பாட்டிமார் அப்பொழுது எழுவார்கள். தமிழ் பேசத் தயங்கும் பேரப்பிள்ளைகள் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். என் கண் அவர்களுடைய கால்களிலேயே இருக்கும்.

இங்கே என்னிடம் கற்க வரும் பிள்ளைகள், கைத்தொலைபேசியிலே பார்த்த வேகமான லீட் வாசிப்பையே முதல் நாளில் கேட்கிறார்கள். முதற் சில வாரம் இடக்கைக்கு வேலை கொடுக்காமல், தந்திகளை மூடிப் பிடித்து வீச்சை மாத்திரம் வாசிக்கச் சொல்வேன். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். எஞ்சியவர்களில் ஒருவனை அடுத்த பிரயாணத்துக்கு அழைத்துப்போக விசாவுக்கு எழுதியிருக்கிறேன்.

அழைப்பு வரும்போது நான் விதிக்கும் நிபந்தனைகள் இப்பொழுது சொற்பமே. ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி கச்சேரிக்கு ஒரு நாள் முன்னதாக வரவேண்டும். மார்கழி, தை மாதங்களிலே கனடாவுக்குக் கூப்பிடுபவர்கள் அங்கேயே ஒருவரிடம் கிற்றாரை இரவல் வாங்கி வைத்திருக்கவேண்டும். என் மரத்தை அந்தச் சூட்டுக்கு இனிக் கொண்டுவரமாட்டேன். இரவல் கிற்றார் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை, ஒற்றைச் சுருளாக இருந்தாற் போதும். தந்தி நான் கொண்டுவருவேன்.